ஊமைப்பட பெஞ்சு

பாட்டு பீரியடு என் தலையில் வந்து விழுந்ததற்கு, ஆசிரியர் கூட்டத்தில் நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததுதான் காரணம். எங்களுடையது எட்டாம் வகுப்பு வரைக்குமான நடுநிலைப் பள்ளி. பாலக்கோட்டிலிருந்து மாரண்டஅள்ளி போகும் பஸ்ஸில் ஏறி, நடுவில் இறங்கி, கரும்புத் தோட்டங்களுக்கு இடையே கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். கால அட்டவணையில் ‘இசை’ என்று வாரத்துக்கு இரண்டு பீரியடு எப்போதும் இருக்கும். அதற்கென்று ஆசிரியர் ஒருநாளும் வந்ததில்லை. அந்த நேரத்தில் பிள்ளைகள் பள்ளித் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு ஜூன் மாதம், தலைமையாசிரியர் எங்களைக் கூட்டி உட்காரவைத்து, “இந்த வருஷம் அப்பிடி விட முடியாதுங்க. ஆறு, ஏழு, எட்டு மூணு கிளாசும் பாடிக் கேப்பேன்னு, இன்ஸ்பெக்ஷனுக்கு வர்ற ஏ.ஈ.ஓ. சொல்லிட்டுப் போயிருக்காரு. யாரு எடுத்துக்கறீங்க?” என்று கேட்டார்.

“எனக்குத் தாலாட்டே வராதுங்க சார். நான் பாடினா தூங்கற புள்ளைங்க எந்திரிச்சு உக்காந்துக்கும்” என்றார் கணக்கு ஆசிரியர். எல்லோரும் சிரித்தோம். நான் சிரித்து முடிப்பதற்குள் தலைமையாசிரியர், “நம்ம சமூகவியல் சாருக்குத்தான் குரல் கணீர்னு இருக்கு” என்று என் பெயரை எழுதிவிட்டார்.

என் மகள் அந்த வருடம்தான் எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு வந்திருந்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பிறந்த ஒரே குழந்தை. அதனாலோ என்னவோ, அவள் தும்மினால்கூட நான் எழுந்து நிற்பேன். ஐந்து வயதில் அம்மை போட்டு, அது இறங்கிய பிறகு இரண்டு காதிலும் சீழ் வடிந்துகொண்டே இருந்தது. பாலக்கோடு ஆஸ்பத்திரிக்கும் தர்மபுரி ஆஸ்பத்திரிக்கும் அவளைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம். ஒருவழியாகச் சீழ் நின்றது. அன்றைக்கு என் மனைவி கோயிலுக்குப் பொங்கல் வைத்தாள். அத்தோடு அந்தக் கவலை முடிந்தது என்று நினைத்தோம்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. பாலக்கோட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சர் ஒருவர் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். பெரிய கண்ணாடி போட்டுக்கொண்டு, எதையும் பாதிச் சிரிப்போடு சொல்பவர். ஒரு சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், சங்கீதத்தின் முதல் பாடமான சரளி வரிசையை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டேன்.

“சரளியெல்லாம் வேணாங்க சார். அத எடுத்துட்டுப் போயி நாப்பது புள்ளைங்க தலையில கொட்டினீங்கன்னா ஜென்மத்துக்கும் பாட்டு பக்கமே வராதுங்க. மொதல்ல கை தட்டட்டும். தாளத்துக்கு நடக்கட்டும். சத்தம் ஏறுதா எறங்குதான்னு கையால காட்டட்டும். அப்பறம் சின்னதா நாலு வரிப் பாட்டு” என்றார்.

“பாட்டைப் போர்டுல எழுதிப் போட்டுடலாங்களா?”

“எழுதவே எழுதாதீங்க. எழுதினா கண்ணு பாடும், காது சும்மா இருக்கும். நீங்க பாடுங்க, அவங்க திருப்பிப் பாடட்டும்.”

“சுருதியே சேராத புள்ளைங்க இருக்குமேங்க.”

“இருக்கும். வெளிய மட்டும் அனுப்பிடாதீங்க, அந்த மானக்கேடு மனசுல நின்னுடும். ஒரு பக்கமா உக்கார வெச்சு, வாய மட்டும் அசைக்கச் சொல்லுங்க. கேட்டுக் கேட்டு ஒருநாள் குரல் தானா வந்து சேந்துக்கும்.”

பழைய சுருதிப் பெட்டி ஒன்றையும் கொடுத்து அனுப்பினார். அதை ஒரு துண்டில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தபோது, தக்காளிக் கூடைகளோடு ஏறியிருந்த ஒருவர் உள்ளே கோழியா என்று கேட்டார்.

இப்படியாக என் பாட்டு வகுப்பு தொடங்கியது. பிள்ளைகளுக்குத் தாளம் தெரியாது என்று நினைத்துக்கொண்டு போன எனக்குத்தான் எதுவும் தெரிந்திருக்கவில்லை. பாதிப் பேர் விடியற்காலையில் அப்பாவோடு தக்காளி மண்டிக்குப் போய்விட்டுப் பள்ளிக்கு வருகிறவர்கள். ஏலம் கூறுகிறவர் “ஒரு தரம், ரெண்டு தரம்” என்று இழுப்பதை ஒரு பையன் அப்படியே செய்து காட்டினான். அதற்கு மற்றவர்களைக் கைதட்டச் சொன்னேன். முதல் பாடம் அதுதான். சுருதி என்றால் என்ன என்று விளக்க முடியாமல் நான் திணறிக்கொண்டிருந்த ஒரு மதியம், பாலக்கோடு பக்கமிருந்து காற்று அடித்ததால் அங்கிருக்கும் சர்க்கரை ஆலையின் சங்கு வகுப்புக்குள் நன்றாகக் கேட்டது. “இதோட சேந்து ஆ-ன்னு சொல்லுங்க” என்றேன். நாற்பது வாய்களும் திறந்தன. சங்கு நின்ற பிறகும் பிள்ளைகள் நிறுத்தவில்லை. பக்கத்து அறையிலிருந்து கணக்கு ஆசிரியர் எட்டிப் பார்த்து, “சங்கு நின்னுபோச்சுங்க சார், நீங்களும் ஷிப்டு முடிச்சுக்கலாமே” என்றார்.

சுருதிப் பெட்டியைக் காட்டி ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை என்று அரைகுறையாக நான் சொன்னபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

“அஞ்சு கட்டைன்னா என்ன கட்டைங்க சார்? புளியங்கட்டையா, வேலங்கட்டையா?”

“ஒன் குரலுக்கு அடுப்புக் கட்டை போதும்டா” என்றாள் முன்னால் இருந்த ஒரு பெண்.

கேட்ட பையனும் அவனைப்போலச் சுருதி சேராதவர்களும் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சத்தம் வராமல் வாயை மட்டும் அசைப்பதால் அதற்கு ‘ஊமைப்பட பெஞ்சு’ என்று பிள்ளைகளே பெயர் வைத்துவிட்டார்கள். டீச்சர் பயந்த மானக்கேடு எதுவும் அங்கே இல்லை. கண்ணை உருட்டி, கையை நீட்டி, பெரிய பாகவதர்போல அபிநயம் பிடிப்பார்கள். பாடுகிறவர்கள் அவர்களைப் பார்த்துச் சிரித்துப் பாட்டை விட்டுவிடுவார்கள்.

இரண்டாவது வாரமே என் மகள் எழுந்து நின்று, “சார், நானும் அந்த பெஞ்சுக்குப் போயிடட்டுங்களா?” என்று கேட்டாள். பள்ளி வாசலுக்குள் நான் அவளுக்கு சார்தான். வெளியே வந்ததும் அப்பா. அவள் குரலில் ஏற்ற இறக்கம் இருக்காது, எல்லாவற்றையும் ஒரே தட்டில் சொல்வாள். அதனால் சரி என்றேன். போன இடத்தில் அவள்தான் ராணி. பாட்டின் ஒவ்வொரு எழுத்துக்கும் அவள் உதடு அத்தனை சுத்தமாக அசையும். மற்ற ஊமைப்படக்காரர்கள் அவளைப் பார்த்துத்தான் வாயசைத்தார்கள்.

இங்கே எங்கள் வீட்டுப் பேச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவி அஞ்செட்டிப் பக்கத்தில் கன்னடம் பேசும் குடும்பத்தில் பிறந்தவள். மகளோடு அவள் கன்னடத்தில் பேசுவாள், நான் தமிழில் பேசுவேன். எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. மகள் சில சமயம் கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் சொல்வாள். சொல்வதை எழுதும் பரீட்சையில் மணி என்றால் பணி என்று எழுதுவாள், படகு என்றால் மடகு என்று எழுதுவாள். மற்றபடி படிப்பில் கெட்டி. புத்தகத்தைப் பார்த்துப் படித்து எழுதுவதில் வகுப்பிலேயே முதல். அதனால் அந்தத் தப்புகளுக்கு எல்லோரிடமும் ஒரு காரணம் தயாராக இருந்தது.

“வூட்ல ரெண்டு பாஷை பேசினா புள்ளைக்கு நாக்கு எந்தப் பக்கம் திரும்பும்? ஒம் பொண்டாட்டிய அந்தக் கன்னடத்த மூட்டை கட்டி வெக்கச் சொல்லு” என்பார் என் அக்கா.

மைத்துனர் வந்தால், “எல்லாம் இந்தத் தமிழ் இஸ்கூலால வந்தது மாமா. நல்லா கன்னட எழுத்து படிக்கவேண்டிய புள்ள” என்பார்.

இரண்டு பக்கத்தாரும் அடுத்தவர் பாஷையைத்தான் குற்றம் சொன்னார்கள். நடுவில் நானும் என் மனைவியும் இரண்டுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தோம்.

ஏ.ஈ.ஓ. வந்தது மார்ச் மாதம். உச்சி வெயில். பாட்டை மதிப்பிட ஒரு ஆள் வேண்டும் என்று பாலக்கோட்டுப் பாட்டு டீச்சரையும் கூட அழைத்து வந்திருந்தார். தலைமையாசிரியர் அறையிலிருந்து இரண்டு நாற்காலிகளும் டீச்சருக்கு ஒரு பனையோலை விசிறியும் ஆறாம் வகுப்புக்கு வந்தன. பிள்ளைகள் நான் கட்டிக் கொடுத்த நாலு வரிப் பாட்டைப் பாடினார்கள்.

மாடு திரும்பும் நேரமாச்சு
மணியின் ஓசை கேட்டாச்சு
பாலைக் கறந்து வைக்கும் முன்னே
மாலை வந்து சேர்ந்தாச்சு

பாட்டு நன்றாகவே வந்தது. ஊமைப்பட பெஞ்சும் அன்றைக்கு அடக்கமாக நடந்துகொண்டது. ஏ.ஈ.ஓ. முகம் மலர்ந்து உட்கார்ந்திருந்தார். பாட்டு முடிந்ததும் நேரே ஓரத்து பெஞ்சைக் காட்டி, “அந்தப் பாப்பா உச்சரிப்பு பிரமாதம் சார். வாய் அசையறதைப் பாத்துக்கிட்டே இருந்தேன். அதைத் தனியா ஒரு தடவை பாடச் சொல்லுங்க” என்றார்.

அவர் காட்டியது என் மகளை. வகுப்பில் குசுகுசு என்று ஒரு சிரிப்பு ஓடியது. ஊமைப்பட பெஞ்சின் ரகசியம் வெளியே வந்துவிடுமே என்ற கவலை மட்டும்தான் அப்போது எனக்கு. அவள் எழுந்து வந்து நின்றாள். கொஞ்சமும் பயம் இல்லை. ஒரே தட்டில், கடகடவென்று பாடினாள்.

“பாடு திரும்பும் நேரமாச்சு
பணியின் ஓசை கேட்டாச்சு
மாலைக் கறந்து வைக்கும் முன்னே
பாலை வந்து சேர்ந்தாச்சு.”

வகுப்பு வெடித்துச் சிரித்தது. ஏ.ஈ.ஓ.வும் சிரித்துவிட்டார். “மாலையைக் கறந்து வெச்சியா? எத்தனை லிட்டரு?” என்றார். மகள் எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டுத் தானும் சிரித்தாள்.

நான் முந்திக்கொண்டேன். “வூட்ல கன்னடமுங்க ஐயா. அவங்க அம்மா அந்தப் பக்கம். ரெண்டு பாஷையும் கலந்துடுதுங்க.”

“நானும் ஓசூர்க்காரன்தான் சார், எங்க வூட்லயும் கன்னடந்தான்” என்றார் அவர். “பாலுக்கு ஹாலுன்னு வரும். மாலுன்னு எந்தக் கன்னடத்துலயும் வராதே.”

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். எத்தனையோ வருடமாக எங்கள் வீட்டைத் தாங்கிக்கொண்டிருந்த காரணம் அந்த ஒரு வாக்கியத்தில் போய்விட்டது.

பாட்டு டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. “இங்க வா கண்ணு” என்று மகளைப் பக்கத்தில் கூப்பிட்டுத் தன் எதிரே நிறுத்திக்கொண்டார். ‘மணியின் ஓசை’ வரியைப் பாடிக் காட்டினார். மகள் ‘பணியின் ஓசை’ என்று திருப்பிப் பாடினாள். டீச்சர் விசிறியை எடுத்து, காற்று வாங்குகிறவர்போல வீசிக்கொண்டே வாய்க்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினார். விசிறிக்குப் பின்னாலிருந்து வேறொரு மெட்டில் இரண்டு வரி பாடினார். மெல்லிய குரல்தான், ஆனால் கடைசி பெஞ்சுக்கும் கேட்டது. மகள் மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். டீச்சர் பாடி முடித்தார். அவள் அப்படியே நின்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, “டீச்சர் இன்னும் பாட ஆரம்பிக்கலையே சார்” என்றாள்.

ஒரு பிள்ளை சிரிக்கத் தொடங்கி உடனே நிறுத்திக்கொண்டது. ஏ.ஈ.ஓ. எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். டீச்சர் விசிறியைக் கீழே வைத்து, மகளின் கன்னத்தைத் தட்டி, நல்லா பாடினே என்று அவளுக்குப் புரியும்படி சொல்லி அனுப்பினார். அப்புறம் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“சார், ப-வும் ம-வும் வாய்க்கு ஒண்ணுதாங்க. ரெண்டுக்கும் ஒதடு ஒரே மாதிரிதான் மூடித் தொறக்கும். காதுக்குத்தான் வேற. இந்தப் புள்ள வாயப் பாத்து வாங்கிக்குதுங்க. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.”

இது நடந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் யாராவது விசிறியை வாய்க்கு நேரே கொண்டுபோனால் நான் அவளைத் திரும்பிப் பார்க்கிறேன். அன்று சாயங்காலம் பள்ளியிலிருந்து வீட்டுக்கு அவள் முன்னால் நடந்தாள். கரும்பு டிராக்டர் ஒன்று பின்னால் வந்தது. ஒவ்வொரு நாளும் இதே வழியில் டிராக்டர் வந்திருக்கிறது. நான் ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். “என்னப்பா?” என்று ஆச்சரியமாகப் பார்த்தாள்.

மனைவியிடம் சொன்னபோது அவள் அழவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். “நான் பேசறப்ப எல்லாம் கண்ணெடுக்காம என் மொகத்தையே பாத்துக்கிட்டிருக்கும். பாசம்னு நெனச்சேங்க” என்றாள்.

மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டோம். மாலையை எப்படியம்மா கறக்க முடியும் என்றால், பாட்டு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாளாம். எங்கள் வாயைப் பார்க்காவிட்டால் நாங்கள் பேசுவது கேட்குமா என்று கேட்டேன். அவளுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

“பாக்கலன்னா எப்பிடிப்பா கேக்கும்? வெளக்கு இல்லன்னா யாருக்குமே கேக்காதில்ல?” என்றாள்.

கரண்டு போகும்போதெல்லாம் அவள் பேச்சை நிறுத்திவிட்டு அம்மாவின் மடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். இருட்டுக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்திருந்தோம்.

தர்மபுரியில் பார்த்துவிட்டுச் சேலத்துக்கு அனுப்பினார்கள். சேலத்துக் காது டாக்டர் கோபக்காரர் இல்லை, களைத்துப்போன மனிதர். “சீழ் நின்னுடுச்சுன்னு நீங்க நிம்மதியாயிட்டீங்க. எல்லாரும் அப்படித்தான். கேக்கறதும் அதோட கொஞ்சம் கொஞ்சமா நின்னிருக்கு” என்றார். இடது காதில் அநேகமாக ஒன்றுமில்லை. வலது காதில் பாதி. பெரிய சத்தம் கேட்கும், அதனால்தான் ஆலைச் சங்குக்கு வாய் திறந்திருக்கிறாள். சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் பெட்டியும் அதிலிருந்து காதுக்குப் போகும் வயரும் கொண்ட கருவி ஒன்று எழுதிக் கொடுத்தார். அது கொஞ்சம் உதவும், பழைய காதைக் கொடுக்காது என்றும் சொல்லிவிட்டார்.

ஊரில் எல்லோரும் நல்ல எண்ணத்தோடுதான் பேசினார்கள். தலைமையாசிரியர் என்னைத் தனியே அழைத்து, “சேலத்துல காது கேக்காத புள்ளைங்களுக்குன்னு ஒரு பள்ளிக்கூடம் இருக்குங்க. ஹாஸ்டலும் உண்டு. இங்க வெச்சிருந்து புள்ளையோட படிப்ப வீணாக்கிடாதீங்க” என்றார். அக்காவும் அதையே சொன்னார். பதினொரு வயதுப் பெண்ணைப் பிரிந்து அனுப்புவதா, கூடவே வைத்துக்கொண்டு அவள் எதிர்காலத்தைக் கெடுப்பதா? இதைத் தவிர வேறு எதையும் எங்களால் நினைக்க முடியவில்லை. மகளிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை. ஆனால் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் அவள்தான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாளே. ஒருநாள், “என்னைய எங்க விடப்போறீங்க?” என்று கேட்டாள்.

கோடை விடுமுறையில் மூன்று பேருமாகச் சேலம் போய் அந்தப் பள்ளியைப் பார்த்தோம். நல்ல இடம். வேப்பமரமும் சுத்தமான வகுப்பறைகளும். அங்கே பொறுப்பிலிருந்த அம்மாள் மகளோடு வெகுநேரம் தனியாக இருந்தார். படிக்கச் சொன்னார், எழுதச் சொன்னார், கதை சொல்லச் சொன்னார். பிறகு எங்களை உள்ளே கூப்பிட்டார்.

“பேச்சு வந்த பெறகு காது போனதால பேச்சு போகாம தங்கியிருக்கு. படிப்பும் கெட்டியா இருக்கு. ரெண்டு பாஷைல ஒதடு படிக்கறா, அது சாதாரணம் இல்லீங்க. இவளுக்கு இப்ப வேண்டியது எங்க பள்ளிக்கூடம் இல்ல. இவ மூஞ்சியப் பாத்துப் பேசற வாத்தியாருங்க. அவ்வளவுதான். போர்டைப் பாத்துக்கிட்டே பேசற வாத்தியாருங்களா இருந்தா ஒரே வருஷத்துல பின்தங்கிடுவா. அரைப் பரீட்சை வரைக்கும் பாருங்க. மார்க்கு எறங்கினா தயங்காம கொண்டாந்து விடுங்க, எடம் வெச்சிருக்கேன்.”

அரைப் பரீட்சை வரைக்கும் என்றதே எனக்குப் பெரிய வரமாக இருந்தது. ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் யோசிக்க யோசிக்கப் பயம் பிடித்துக்கொண்டது. எந்த வாத்தியார் போர்டைப் பார்க்காமல் பேசுகிறார்? நானே பார்த்துத்தான் பேசுகிறேன்.

ஜூன் மாதக் கூட்டத்தில் இந்தத் தடவை நான்தான் முதலில் எழுந்தேன். விஷயத்தைச் சொன்னேன். எழுதும்போது பேச வேண்டாம், பேசும்போது வகுப்பைப் பார்த்துப் பேசுங்கள், மீசையை வாய் மறையாமல் வெட்டிக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். கடைசியாகச் சொன்னது தமிழாசிரியருக்கு. அவர் மீசையைத் தடவிக்கொண்டு, “இருபது வருஷமா வளத்ததுங்க” என்றார். மறுநாள் அது பாதியாகியிருந்தது.

கணக்கு ஆசிரியர்தான் தலையைச் சொறிந்தார். “மீசை கெடக்கட்டும் சார். கணக்க எழுதிக்கிட்டே தானுங்க சொல்லணும்? எழுதி முடிச்சுட்டுத் திரும்பிச் சொன்னா, எனக்கே என்ன எழுதினேன்னு மறந்துடுமே.”

“முடிஞ்ச அளவுக்குச் செய்யுங்க சார்” என்றேன். அதற்கு மேல் அவரிடம் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். போர்டில் முதுகை ஒட்டிக்கொண்டு, முகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டியபடி, வலது கையைப் பக்கவாட்டில் நீட்டிப் பார்க்காமலே எழுதினார். எழுத்து மலைமேல் ஏறுகிற பாதைபோல இருக்கும். எழுதிய கணக்கில் பாதி அவர் சட்டை முதுகில் வந்துவிடும். “உங்க முதுகுல விடை இருக்குங்க சார்” என்று பிள்ளைகள் சொன்னால் திரும்பிக் காட்டுவார். “வூட்ல சம்சாரம் கேக்கறா, பள்ளிக்கூடத்துல செவுத்துல சாஞ்சு தூங்கிட்டு வரீங்களான்னு” என்று என்னிடம் புலம்பினார். ஆனால் நிறுத்தவில்லை.

என் பாட்டு வகுப்பையும் மாற்றினேன். பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு எல்லோரையும் வட்டமாகத் தரையில் உட்காரவைத்தேன். வட்டத்தில் யாருக்கும் யாருடைய முதுகும் தெரியாது. ஊமைப்பட பெஞ்சு அதோடு கலைந்தது. அதில் இருந்தவர்கள் எங்கள் கலையை ஒழித்துவிட்டீர்களே என்று வருத்தப்பட்டார்கள். சுரம் ஏறினால் கை தலைக்கு மேலே, இறங்கினால் முழங்காலுக்கு. பாட்டைப் போர்டிலும் எழுதினேன். கண்ணும் பாடட்டும் என்று டீச்சரே சொல்லிவிட்டார். கருவி வந்த பிறகு மகள் அதைப் போட்டுக்கொண்டு முதல்நாள் பாட்டு வகுப்பில் உட்கார்ந்தாள். நாற்பது பேர் பாடத் தொடங்கியதும் முகத்தைச் சுளித்து, பெட்டியின் சக்கரத்தைத் திருப்பிக் குறைத்துக்கொண்டாள். என்ன என்று கையால் கேட்டேன்.

“எல்லாரும் இவ்வளவு சத்தமாவா பாடுவீங்க?” என்றாள். வட்டத்தில் இருந்தவர்களுக்கு அதைக் கேட்டுப் பெருமையாகிவிட்டது.

அவள் குரல் இன்றைக்கும் சுருதியில் நிற்பதில்லை. கை மட்டும் சரியாக ஏறி இறங்கும். அது போதும் என்று நான் விட்டுவிட்டேன்.

அரைப் பரீட்சைத் தாள்கள் வந்தன. தமிழ், ஆங்கிலம், அறிவியல் எல்லாம் முன்புபோலவே. கணக்கைத்தான் நான் கடைசியாகப் பார்த்தேன். இறங்கவில்லை. கணக்கு ஆசிரியர் தாளை என் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். சேலத்து அம்மாளுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன். அவர் அந்த இடத்தை வேறொரு குழந்தைக்குக் கொடுத்துவிட்டதாகப் பதில் எழுதினார். அதைப் படித்த அன்றுதான் என் மனைவி ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

எங்கள் பள்ளியில் எட்டாவது வரைக்கும்தான். போன ஜூனில் அவளைப் பாலக்கோட்டில் ஒன்பதாவது சேர்த்தோம். பெரிய பள்ளி. எனக்கு அங்கே யாரையும் தெரியாது. ஒவ்வொரு ஆசிரியரிடமும் போய் என்ன சொல்ல வேண்டும், எப்படி ஆரம்பிக்க வேண்டும் என்று முந்தின வாரம் முழுக்க மனதுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டேன். முதல்நாள் காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கி வாசல்வரை ஒன்றாகப் போனோம். வாசலில் அவள் நின்றுவிட்டாள்.

“நீங்க வர வேணாம்ப்பா. நானே சொல்லிக்கறேன்.”

“நீ சின்னப் புள்ள. அவங்களுக்குப் புரியற மாதிரி...”

“எனக்குத்தானே கேக்காது. உங்களுக்கா கேக்காது?”

அவள் உள்ளே போனாள். நான் சுவருக்கு வெளியே ஒரு சைக்கிள் கடைப் பக்கம் நின்றுகொண்டேன். அங்கிருந்து வராந்தா தெரிந்தது. அவள் ஒரு டீச்சர் முன்னால் போய் நின்று, சட்டைப் பையிலிருந்த பெட்டியைக் காட்டி ஏதோ சொன்னாள். டீச்சர் ஏதோ கேட்டார். இவள் தன் வாயைத் தொட்டுக் காட்டினாள், பிறகு போர்டு இருந்த பக்கம் கையைக் காட்டினாள். டீச்சர் கொஞ்சநேரம் பேசினார். அவர் உதடுகள் அசைவதை எத்தனை உற்றுப் பார்த்தும் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. சரி என்றாரா, பார்க்கலாம் என்றாரா, இதெல்லாம் இங்கே முடியாது என்றாரா, எதுவும் தெரியவில்லை. சைக்கிள் கடைக்காரர், “யாருங்க வேணும்?” என்று கேட்டார். வராந்தாவைக் கையால் காட்டினேன்.

மகள் திரும்பி வாசலுக்கு வந்தாள். நான் இன்னும் போகவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தேயிருந்தது.

“என்னம்மா சொன்னாங்க?”

“ரெண்டாவது பெஞ்சு. ஜன்னலோரம் வேணாம்னு சொல்லிட்டேன், என் மூஞ்சியில வெளிச்சம் அடிச்சா எனக்கு அவங்க வாய் தெரியாது” என்றாள். “நீங்க போங்கப்பா. பஸ் கெளம்பிடும்.”